உடுத்தாத சட்டை ஏழு

சூரமங்கலத்து வேதக்கோயிலில் முப்பத்தெட்டு வருஷம் உபதேசியாராக இருந்த ஞானதாஸ், 1964 ஆடியில், வாழப்பாடியில் மச்சினன் வீட்டு மாட்டுக்கொட்டகையை ஒட்டிய சாய்ப்பில் கிடந்து செத்தார். வீடில்லாமல் சாகிறவர்கள் எந்த ஊரிலும் உண்டு. ஆனால் கைக்கு வந்த ஓட்டு வீட்டை வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்து மாட்டுக்கொட்டகையில் செத்தவரை வாழப்பாடிக்காரர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. மனுஷனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றார்கள் சிலர். பொய் சொல்லி மாட்டிக்கொண்டவர் என்றார்கள் வேறு சிலர். பொய் சொன்னது உண்மைதான். எதைப் பொய்யாகச் சொன்னார், எங்கே சொன்னார் என்பதில்தான் எல்லோரும் கோட்டைவிட்டார்கள்.

உபதேசியார் என்றால் சாமியாருக்கு அடுத்த ஆள் என்று வெளியே பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். உள்ளே பார்த்தால் மணி அடிப்பதும், பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுப்பதும், சாகக் கிடப்பவர் வீட்டுக்கு மழையில் ஓடுவதும், ஞானஸ்நானம் கலியாணம் சாவு மூன்றையும் புத்தகத்தில் எழுதி வைப்பதும் அவர் தலையில்தான் விழும். சாமியார்கள் மாற்றலில் வருவார்கள், போவார்கள். உபதேசியார் அங்கேயே கிடப்பார். கோயிலுக்குப் பின்னால் அவருக்கு ஒரு வீடு இருந்தது. வேலை இருக்கும்வரைதான் அதுவும். அதில் ஞானதாஸும் அவர் மனைவி அந்தோணிமேரியும் இருந்தார்கள். பிள்ளையில்லை.

அந்தப் பொய் 1936ஆம் வருஷத்தது. கன்னியர் மடத்தில் ஜெபமலர் என்று ஒரு பெண் வளர்ந்தாள். பிறந்த நாலாம் நாள் மடத்து வாசலில் ஒரு முறத்தில் கிடந்தவள். தையலில் கெட்டிக்காரி. வாய் திறந்தால் கூட அடுத்தவருக்குத் தொந்தரவாகிவிடுமோ என்று பயப்படுகிற சுபாவம். ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்த தோமினிக் கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்று நின்றான். அவன் அம்மா சாலம்மாள் குறுக்கே விழுந்தாள்.

"அப்பன் பேரு தெரியாதவளை என் ஊட்டுக்குள்ள உடமாட்டனுங்க. ஓலையில அப்பன் பேரு இருந்தா வாசிங்க. இல்லாட்டி என் பையன் பேரையும் வாசிக்க வேண்டாமுங்க" என்று உபதேசியாரிடம் வந்து கறாராகச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஓலை என்பது கலியாண அறிவிப்பு. இன்னார் மகன் இன்னார் மகளைக் கட்டப்போகிறான், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் எல்லோர் காதிலும் விழும்படி வாசிப்பார்கள். அந்த வாரம் சாமியார் காய்ச்சலில் படுத்திருந்தார். ஓலையை எழுத உட்கார்ந்தது ஞானதாஸ். பெண்ணின் தகப்பன் பெயர் என்ற இடம் வந்ததும் பேனா நின்றது. பிள்ளையில்லாத மனுஷன். ஒரு பெண்ணின் வாழ்க்கை ஒரு பெயருக்காகத் தட்டிப்போய் நிற்கிறதே என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. சட்டென்று தன் பெயரை எழுதிவிட்டார். பிறகு கலியாணப் புத்தகத்திலும் அதையே எழுதினார். அதற்குள் காய்ச்சல் தெளிந்திருந்த சாமியார் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார், கையெழுத்துப் போட்டார்.

எழுதும்போது அவர் ஒன்றை மறந்துபோனார். ஓலையைக் கேட்கிற கூட்டத்தில் பெண்கள் பக்கத்தில் அந்தோணிமேரியும் முழந்தாளிட்டிருப்பாள்.

"ஞானதாஸ் மகள் ஜெபமலர்" என்று அவரே வாசித்தபோது அவள் தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். இவர் போய்ச் சேர்ந்தபோது அடுப்பு பற்றவைக்காமல் கிடந்தது.

"யாருங்க அவ ஆத்தா? எந்த ஊருக்காரி?"

நடந்ததை நடந்தபடி சொன்னார். அவள் நம்பவில்லை. "சும்மா கிடக்கறவன் ஊரான் பிள்ளைக்குத் தம் பேரைக் குடுப்பானா? எனக்குப் பிள்ளையில்லைன்னதும் எங்கியோ பெத்துட்டு வந்து மடத்துல போட்டிருக்கீங்க." சோறு போடும்போது இதைச் சொன்னாள், படுக்கை விரிக்கும்போது சொன்னாள், பண்டிகை நாளில் அழுதுகொண்டு சொன்னாள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, இருபத்திரண்டு வருஷம். அவள் கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. மலடி என்று ஊர் சொன்னதையெல்லாம் வாங்கிக்கொண்டவள். அதற்கு மேல் இதையும் தாங்க அவளால் முடியவில்லை.

கலியாணமாகி ஒரு வாரம் கழித்து ஜெபமலர் கோயில் வீட்டு வாசலுக்கு வந்தாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"அப்பான்னு கூப்புடலாமுங்களா?" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

ஞானதாஸ் திரும்பிப் பார்த்தார். சமையலறைக் கதவோரம் அந்தோணிமேரியின் சேலை தெரிந்தது. "வேண்டாம்மா. பேரு மட்டுந்தான். அதோட உட்டுரு" என்றார். அவள் பழத்தை வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு அவள் அவரை எந்த முறை சொல்லியும் கூப்பிடவில்லை.

தோமினிக் நல்லவனாகத்தான் இருந்தான். ரயில்வே லைனுக்கு இந்தப் பக்கம் இரண்டு அறையில் ஓட்டு வீடு கட்டினான். சாலம்மாள் போய்ச் சேர்ந்தாள். பிள்ளை பிறக்கவில்லை. 1951இல் அவனும் நெஞ்சு வலியில் போனான். அவன் பக்கத்திலும் அண்ணன் தம்பி, பங்காளி என்று ஒரு ஈ காக்கை இல்லை. ஜெபமலர் தையல் மெஷினும் இரண்டு வெள்ளாடுமாக அந்த வீட்டில் தனியாக இருந்தாள். அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டு முத்தாயம்மாள் கையில் ஒரு துணிப்பொட்டலம் கொடுத்து உபதேசியாருக்கு அனுப்பினாள். அந்தோணிமேரி அடுப்படியில் இருந்து எட்டிப் பார்ப்பதற்குள் ஞானதாஸ் அதைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தார். அடுத்த வருஷமும் வந்தது, அப்படியே போனது. ஏழு வருஷமும் வந்தது. ஏழு வருஷமும் போனது. வீட்டில் ஒரு நாள் சச்சரவு மிச்சம் என்பதுதான் அவர் கண்ட லாபம்.

1958 கிறிஸ்துமஸுக்குப் பொட்டலம் வரவில்லை. அதற்கு முன்பே, அந்த வருஷத்து ஐப்பசியில், ஜெபமலர் செத்துப்போனாள். விடாமல் மழை. பக்கத்து வீட்டில் ஆடு இரண்டு நாளாகத் தீனியில்லாமல் கத்துகிறதே என்று முத்தாயம்மாள் போய்க் கதவைத் தள்ளியபோது அவள் மெஷினுக்குப் பக்கத்தில் பாயில் கிடந்தாள். எறும்பு மொய்த்திருந்தது.

ஜெபம் சொல்ல ஞானதாஸ்தான் போனார். குளிப்பாட்டி முடித்த பெண்கள் உடம்பைச் சுற்றிச் சும்மா நின்றார்கள். கலியாணமான பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வந்து மேலே விழ வேண்டும். அதற்குப் பிறகுதான் எடுப்பார்கள். வேதத்துக்கு வந்து எத்தனை தலைமுறை ஆனாலும் இதை மட்டும் யாரும் விடவில்லை.

"ஏனுங்க உபதேசியாரே, பொறந்த ஊட்டுக் கோடி போடாம எப்படிங்க எடுக்கறது? வெறும் பொணமாவா அனுப்பறது?" என்றாள் முத்தாயம்மாள்.

மடத்தில் அவளைத் தெரிந்த கன்னியர் ஒருவரும் இப்போது இல்லை. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்த எறும்பு கடித்த முகத்தை ஞானதாஸ் ஒரு தடவை பார்த்தார். குடையை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். ஒரு சேலை வாங்கி வந்து, உதறி, அவள் மேல் போர்த்தினார். எல்லோரும் பார்த்தார்கள்.

கல்லறையில் மண் தள்ளி முடிக்கும் முன்பே கிராம முன்சீப் அருணகிரி கணக்குப்பிள்ளையோடும் தலையாரியோடும் வந்துவிட்டார். வாரிசில்லாமல் ஒருவர் செத்தால் இருப்பதைப் பட்டியல் எடுத்து, வீட்டைப் பூட்டி முத்திரை வைத்து, தாலுகா கச்சேரிக்கு எழுத வேண்டும். தண்டோரா போட்டு, பலகையில் நோட்டீஸ் ஒட்டி, உரிமைக்காரர் யாராவது வருகிறார்களா என்று பார்ப்பார்கள். வராவிட்டால் வீடு, மெஷின், ஆடு, அண்டா எல்லாம் ஏலத்துக்குப் போய் சர்க்காரைச் சேரும். அதுவரை ஒரு கரண்டி காணாமல் போனாலும் முன்சீப்தான் பதில் சொல்ல வேண்டும். ஆகவே வாரிசில்லாச் சொத்து என்றாலே அருணகிரிக்குத் தலைவலி.

கோடி போட்ட செய்தி அவர் காதுக்குப் போனது. கலியாணப் புத்தகத்தைப் போய்ப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"என்னங்க உபதேசியாரே, வாரிசைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு நான் தமுக்கு அடிச்சுக்கிட்டு இருக்கறேன்! புஸ்தகத்துல அப்பன் நீங்க. கோடி போட்டதும் நீங்க. புருசனும் இல்லே, பிள்ளையும் இல்லேன்னா உங்க வேதக்காரங்க சட்டப்படி அப்பனுக்குத்தானுங்க சொத்து. ஒரு மனு எழுதிக் குடுங்க, நான் தலைமுழுகிக்கறேன்."

ஞானதாஸ் அன்றைக்கே இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காரணம் இருந்தது. அவருக்கு அறுபத்து நாலு வயது. கண் மங்கிவிட்டது, புது உபதேசியார் வரப்போகிறார், வரும் பாஸ்கு பண்டிகைக்குள், அதாவது ஈஸ்டருக்குள், கோயில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று சாமியார் பக்குவமாகச் சொல்லியிருந்தார். அந்தோணிமேரிக்கு இரண்டு முழங்காலும் வீங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். போக்கிடம் என்று பார்த்தால் வாழப்பாடியில் அவள் தம்பி ஒருவன். வாங்க என்று வாயாரக் கூப்பிடாதவன்.

அன்று மத்தியானம் சோற்றைப் போட்டுவிட்டு அந்தோணிமேரி எதிரே உட்கார்ந்தாள்.

"முன்சீப் வந்துட்டுப் போனாருங்களாமே. போய்ச் சொல்லுங்க, எம் மகதான்னு."

அவர் கை இலையில் நின்றது. "மேரி, நீயா சொல்றே?"

"நாந்தானுங்க சொல்றேன். இருவத்திரண்டு வருசமா நான் சொன்னதை நீங்க ஒரே ஒரு வாட்டி சொல்லுங்க. எனக்குச் சம்மதம். யாருகிட்டப் பெத்தீங்களோ, எங்க பெத்தீங்களோ, இனி ஒரு வார்த்தை கேக்கமாட்டேன். இந்தக் காலை வெச்சுக்கிட்டுத் தம்பி பொண்டாட்டி கையால கஞ்சி குடிக்க என்னால முடியாதுங்க."

அவள் அழுதாள். அவள் அழுகையில் பொய்யில்லை. ஞானதாஸ் மனுவில் கையெழுத்துப் போட்டார். அருணகிரி சாமர்த்தியக்காரர். 'மேற்படி ஜெபமலரின் தகப்பனாகக் கோயில் புத்தகத்தில் பதிவாகியிருக்கும் ஞானதாஸ்' என்றுதான் எழுதியிருந்தார். அதில் பொய் ஒன்றும் இல்லையே என்று ஞானதாஸ் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். முப்பத்தெட்டு வருஷம் பிள்ளைகளுக்குப் பாவம் இன்னது என்று சொல்லிக்கொடுத்தவருக்கு இந்தச் சமாதானம் எத்தனை நாள் தாங்கும் என்பது தெரியாதா? தெரியும். ஆனாலும் சொல்லிக்கொண்டார்.

மாசி மாதம் தாலுகா கச்சேரியில் விசாரணை. தாசில்தார் நல்ல மனுஷர். அநாவசியமாக யார் வயிற்றிலும் அடிக்காதவர். அந்தோணிமேரி கூடவே வந்து, ஜன்னலோரம் வராந்தாப் பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளே முத்தாயம்மாளும் அருணகிரியும் கோடி போட்டதைச் சொன்னார்கள். புதுச் சாமியார் கலியாணப் புத்தகத்தை விரித்துக் காட்டினார். அவருக்குப் பழைய கதை தெரியாது.

"உபதேசியாரே, புத்தகத்தை எழுதியது நீங்கள். சாட்சியும் நீங்களே சொன்னதாக ஆகிறது. வேறு ஏதாவது இருந்தால் நல்லது" என்றார் தாசில்தார். குமாஸ்தா பட்டியலை வாசித்தார். தையல் மெஷின் ஒன்று. வெள்ளாடு இரண்டு. பித்தளை அண்டா ஒன்று. மாதா படம் ஒன்று. டிரங்குப் பெட்டி ஒன்று, அதில் சேலை நாலு. ஆண்பிள்ளைச் சட்டை, புதிது, உடுத்தாதது, ஏழு.

தாசில்தார் நிமிர்ந்தார். "புருஷன் செத்து ஏழெட்டு வருஷம் ஆகிறது என்றீர்களே. யாருக்கு இந்தச் சட்டைகள்?"

முத்தாயம்மாள்தான் பதில் சொன்னாள். "இவருக்குத் தெச்சதுங்க சாமி. வருசா வருசம் கிறிஸ்துமசுக்கு என் கையிலதான் குடுத்துடுவா. இவரு வாங்கமாட்டாரு. திருப்பிக் கொண்டாந்து குடுத்தா, மடிச்சுப் பொட்டியில வெச்சுட்டு, சரி அடுத்த வருசம் பாத்துக்கலாமுன்னு சொல்லுவா."

பொட்டலத்துக்குள் என்ன இருந்தது என்று ஏழு வருஷத்தில் ஒரு நாள்கூட ஞானதாஸ் கேட்டதில்லை.

"அப்படியானால் விஷயம் முடிந்தது. ஒன்றைப் போட்டுக் காட்டுங்கள்" என்றார் தாசில்தார் சந்தோஷமாக. "அளவு சரியாக இருந்தால் நான் எழுதிவிடுகிறேன். பெற்ற மகளைத் தவிர யார் இப்படித் தைத்து வைப்பார்கள்?"

குமாஸ்தா ஒரு வெள்ளைச் சட்டையை உதறிக் கொடுத்தார். ஞானதாஸ் தன் பழைய சட்டையைக் கழற்றிவிட்டு அதைப் போட்டுக்கொண்டார். தோள் பிடிக்கவில்லை, கை நீளவில்லை. அவருக்கு இடது தோள் கொஞ்சம் இறக்கம். கோயில் மணிக்கயிறு இழுத்து இழுத்து வந்தது. கடைத்தையல் எதுவும் அவருக்கு நேராக உட்காராது. இந்தச் சட்டை உட்கார்ந்தது. ஒரு முறைகூட அளவு நாடாவை அவர் உடம்பில் வைத்ததில்லை. பூசையில் அவர் முன்னால் முழந்தாளிட்டிருக்கும்போது பெண்கள் பக்கத்திலிருந்து கண்ணாலேயே அளவெடுத்திருக்கிறாள். உள்பக்கம் ஒரு பை தட்டுப்பட்டது. சாவு வீட்டுக்கு ஓடும்போது மழையில் நனையாமல் இருக்க அவர் ஜெபப் புத்தகத்தை வேட்டிக்குள் செருகிக்கொள்வார். அந்தப் புத்தகம் அடங்குகிற அளவில் பை வைத்திருந்தாள்.

"அப்பனேதானுங்க!" என்றார் அருணகிரி. சாமியார் கூடச் சிரித்தார். குமாஸ்தா பேனாவை மையில் தோய்த்தார்.

"உபதேசியாரே, ஒப்புக்கு ஒரு வார்த்தை. ஜெபமலர் உங்கள் மகள்தானே?"

ஒரு தலையாட்டல் போதும். வீடு இருந்தது, வராந்தாவில் வீங்கிய காலோடு மனைவி இருந்தாள். ஞானதாஸ் வாயைத் திறந்தார். வாழைப்பழச் சீப்போடு நின்ற பெண் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டது அவர் காதில் விழுந்தது. உயிரோடு வந்து கேட்டபோது இல்லை என்றவன், செத்தபிறகு வீட்டுக்காக ஆமாம் என்பதா?

"இல்லைங்க" என்றார். "அவ மடத்து வாசல்ல கிடந்த புள்ளைங்க. கலியாணம் நடக்கணுமின்னு நாந்தான் பொய்யா என் பேரை எழுதினேன். அப்பான்னு கூப்புடட்டான்னு வந்து கேட்டா. வேண்டாமுன்னுட்டேன். எனக்கு இதுல ஒரு ஓடுகூடச் சேராதுங்க."

அருணகிரி தலையில் கையை வைத்துக்கொண்டார். தாசில்தார் ஞானதாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோயில் புத்தகத்தைத் திருத்தும்படி சாமியாரிடம் சொன்னார். தகப்பன் பெயர் தெரியாது என்று எழுத வேண்டுமாம். அதை எழுத வேண்டிய கையும் உபதேசியாருடையதுதான். பட்டியலின் அடியில் 'வாரிசு இல்லை' என்று குமாஸ்தா எழுதினார்.

ஞானதாஸ் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார். வாசல்வரை போனவரைக் குமாஸ்தா கூப்பிட்டார்.

"ஐயா, சட்டை."

அவருக்கு விளங்கவில்லை.

"கழற்றிக் கொடுத்துவிட்டுப் போங்கள். இனி அது சர்க்கார் சொத்து."

ஞானதாஸ் நின்ற இடத்திலேயே பொத்தான்களைக் கழற்றினார். முத்தாயம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். குமாஸ்தா சட்டையை மடித்து மற்ற ஆறின் மேல் வைத்து, ஏழு சரி என்று பட்டியலில் ஒரு குறி போட்டார்.

தன் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வராந்தாவுக்கு வந்தபோது அந்தோணிமேரி பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டிருந்தாள். திட்டுவாள் என்று அவர் நினைத்தார். அவள் திட்டவில்லை. முகத்தில் கண்ணீர் வழிந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் காணாத ஒரு முகமாக இருந்தது அது. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வீடு போனாப் போவுதுங்க" என்றாள். "சத்தியமா அவ உங்க மக இல்லீங்களா? நான்தான் பாவி, சும்மா சும்மா உங்களைக் கரிச்சுக் கொட்டினேனுங்களா? ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

அவள் கை சூடாக இருந்தது. இல்லை என்று சொன்னால் போதும். உண்மையும் அதுதான். அந்த ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டு, மிச்ச நாளை மாட்டுக்கொட்டகையிலானாலும் அவரோடு நிம்மதியாகக் கழித்துவிடத் தயாராக இருந்தாள். அன்று ஜெபமலரிடம் வாசலில் ஒரு தடவை இல்லை என்றாயிற்று. பொட்டலத்தைத் திருப்பித் திருப்பி ஏழு தடவை. உள்ளே இப்போது ஒரு தடவை. இன்னொரு தடவை சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"என் மகதான் மேரி" என்றார்.

அந்தோணிமேரி கையை விட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு தனியாகவே படியிறங்கினாள். வாழப்பாடியில் அவர் சாகும்வரை அந்தக் கையை அவள் மறுபடி தொடவில்லை.